ஒரு லிங்க்கும் ஒரு சொட்டு எண்ணெயும்

தண்ணீர் மேல் பரவிய எண்ணெய்ப் படலத்தின் கனம் 13.8 ஆங்ஸ்ட்ராம் (ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்) என்று கடைசியில் ஒரு விடை வந்துவிட்டது. என் தொழில் அளவில் சொன்னால், ஒரு லிங்க்கை (நில அளவைச் சங்கிலியில் நூறில் ஒரு பங்கு, சுமார் 20 சென்டிமீட்டர்) 14 கோடியே 58 லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. பேக்கரித் தட்டு, சிரிஞ்சு, அச்சடித்த ஒரு காகித அளவுகோல், இவற்றை வைத்து அணு அளவு வரைக்கும் போய்வர முடியும் என்று நான் நம்பியிருக்கவில்லை. எப்படிப் போனேன், எங்கே வழி அடைபட்டது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நான் நிலம் அளப்பவன். டெல்டாப் பக்கம் பழைய புலப்படங்களை (வயல் எல்லைகளை அளவோடு காட்டும் சர்வே வரைபடங்கள்) வைத்து எல்லை பார்ப்பது, உட்பிரிவுக்கு வரைபடம் போடுவது என் பிழைப்பு. மெட்ரிக் அளவு வருவதற்கு முன் வரைந்த புலப்படங்களில் ஜி லைனும் (அளக்க அடிப்படையாக எடுக்கும் கோடு) ஆஃப்செட்டும் (அதிலிருந்து எல்லைக்குச் செங்குத்தான தூரம்) லிங்க் கணக்கில்தான் இருக்கும். அக்கா மகள் பதினோராம் வகுப்பு இயற்பியல் படிக்கிறாள். ஆங்ஸ்ட்ராம், ஃபெர்மி, ஒளியாண்டு என்று அலகு மாற்றும் கணக்குகளாகப் போட்டுக்கொண்டிருந்தவள், "மாமா, உங்கள் சங்கிலியில் எத்தனை ஆங்ஸ்ட்ராம் இருக்கிறது?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். எனக்கு அது கேலியாகப் படவில்லை. லிங்க்கைத் தப்பாக மாற்றியதால் வந்த வழக்குகளைப் பார்த்தவன் நான்.

அந்தத் தப்பு என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1620 வாக்கில் எட்மண்ட் கன்டர் வகுத்த சங்கிலி 66 அடி, 100 லிங்க். ஒரு லிங்க் 7.92 அங்குலம், அதாவது 20.1168 சென்டிமீட்டர். பிற்பாடு வந்த மெட்ரிக் சங்கிலியில் ஒரு லிங்க் சரியாக 20 சென்டிமீட்டர். இரண்டுக்கும் பெயர் ஒன்றே, வித்தியாசம் 1.2 மில்லிமீட்டர் கூட இல்லை. பழைய படத்தில் இருக்கும் லிங்க்கை 20 சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்டு பரப்பு போட்டால், ஒரு ஏக்கரில் ஒரு சென்டுக்கும் கொஞ்சம் அதிகமாகக் காணாமல் போகும். ஏறத்தாழ 505 சதுர அடி, எங்கள் கணக்கில் மூன்றரைக் குழி (ஒரு குழி 144 சதுர அடி). அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ள அது போதும்.

முதலில் தாளில்

மாற்றுக் கணக்கை எக்செல்லில் ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் மீட்டருக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மறுபடி வேண்டிய அலகுக்குப் போவதுதான் வழக்கம். ஒரு முனையில் சங்கிலி 20.1168 மீட்டர். மறுமுனையில் ஆங்ஸ்ட்ராம் ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. இரண்டு தசமம் காட்டும் கட்டத்தில் இந்த மறுமுனை 0.00 என்றே தெரிகிறது. உள்ளே எண் சரியாகத்தான் இருக்கிறது, கண்ணுக்குப் பூஜ்யம். கட்டத்தின் வடிவத்தை மாற்றினால் 1 என்று போட்டுப் பக்கத்தில் மைனஸ் பத்து அடுக்கு. இப்படி அடுக்குகளாக நிறைந்த தாளில் ஓர் அடுக்கு தவறினாலும் தெரியாது. 10 மடங்குப் பிழை 0.5 சதவீதப் பிழையைவிட நன்றாக ஒளிந்துகொள்ளும்.

அதனால் தாளை அழித்துவிட்டு அடியிலிருந்து ஏறினேன். மீட்டரை நடுவில் வைக்காமல் ஆங்ஸ்ட்ராமையே அடிப்படையாக வைத்தால் தசமப் புள்ளியே தேவைப்படாது. அங்குலம் 2.54 சென்டிமீட்டர் என்பது அளந்து கண்டதல்ல, 1959 முதல் வரையறை. எனவே:

ஓர் அங்குலம் – 25 கோடியே 40 லட்சம் ஆங்ஸ்ட்ராம்.
ஓர் அடி – 304 கோடியே 80 லட்சம்.
ஒரு லிங்க் – 201 கோடியே 16 லட்சத்து 80 ஆயிரம்.
ஒரு சங்கிலி – 20,116 கோடியே 80 லட்சம்.

எல்லாம் முழு எண்கள், மிச்சம் மீதி கிடையாது. கோடி லட்சத்தில் எழுதியதும் எக்செல்லையே மூடிவிட்டேன். சங்கிலி முதல் ஆங்ஸ்ட்ராம் வரை நான்கு பெருக்கல், ஒரு துண்டுச் சீட்டில் முடிகிற வேலை.

அணுப் பக்கத்தில் இன்னோர் அலகு இருக்கிறது, போர் ஆரம். ஹைட்ரஜன் அணுவின் அளவைக் குறிக்க எடுத்துக்கொண்டது. இது வரையறை இல்லை, அளந்து கண்ட எண்: 0.529177210544 ஆங்ஸ்ட்ராம். கடைசி இரண்டு இலக்கங்களில்தான் ஐயம். இதன்படி ஒரு லிங்க்கில் 380 கோடியே 15 லட்சத்து 24 ஆயிரம் சொச்சம் போர் ஆரங்கள் அடங்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. அணுவின் ஆரத்தைப் பத்து இலக்கம் வரை உறுதியாகச் சொல்கிறார்கள். அடியை அப்படிச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அடி ஒன்றல்ல. அமெரிக்கர்கள் நில அளவைக்கென்று தனியே ஓர் அடி வைத்திருந்தார்கள், 3937இல் 1200 பங்கு மீட்டர். 2022 டிசம்பர் கடைசியோடுதான் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். வரைபட மென்பொருளைத் திறந்து அலகுப் பட்டியலைப் பாருங்கள், இந்திய அடி என்றே ஒன்றுக்கு மேல் இருக்கும், பக்கத்தில் ஆண்டு போட்டு. 1975 என்று போட்ட இந்திய அடி 0.3047995 மீட்டர். இன்றைய பன்னாட்டு அடி 0.3048. ஒரு லிங்க்குக்கு இது எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தேன்: 3,300 ஆங்ஸ்ட்ராம். எண்ணெய்ப் படலமாக அடுக்கினால் 240 படலம். நிலத்தில் இது ஒன்றுமே இல்லை, ஒரு மைலுக்கு மூன்று மில்லிமீட்டர் கூட ஆகாது. ஆனால் "ஒரு லிங்க்கில் எத்தனை அணு" என்று பத்து இலக்கத்தில் விடை எழுதுகிறவர் எந்த அடி என்று சொல்லாவிட்டால், அவர் எழுதிய இலக்கங்களில் ஆறாவதிலிருந்து நம்பக்கூடாது.

அளவுகோல்

விடையைத் தாளில் கண்டதோடு விட்டிருக்கலாம். அக்கா மகள் விடவில்லை. "அதை அளந்து காட்டுங்கள்" என்றாள். ஆங்ஸ்ட்ராம் அளவிலான ஒன்றை லிங்க் கோலால் அளப்பதென்றால், பள்ளிப் பாடத்தில் வரும் எண்ணெய்ப் படலச் சோதனைதான் வழி. எண்ணெயின் கன அளவு தெரியும், அது பரவிய பரப்பை அளக்கலாம், வகுத்தால் கனம். படலம் ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குப் பரவும் என்பதால் அதுவே மூலக்கூறின் அளவு. நான் பரப்பு அளப்பவன்தானே.

கோல் ஒன்று செய்தேன். ஒரு லிங்க் நீளம், நூறு பிரிவு, ஒரு பிரிவு 2.01 மில்லிமீட்டர். ஏ4 தாளின் நீளத்துக்குள் அடங்கிவிடும். கணினியில் வரைந்து அச்சடித்து ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் 194 மில்லிமீட்டர்தான் வந்திருந்தது. அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பது தானாகவே தேர்வாகியிருக்கும், அது மூன்று நான்கு சதவீதம் சுருக்கிவிடும். நூறு சதவீதம் என்று மாற்றி அடித்ததும் 201க்கு ஒரு மயிரிழை குறைவாக வந்தது. அதை அலுமினியப் பட்டையில் ஒட்டி, மேலே ஒளிபுகும் டேப்பைச் சுற்றினேன். புலப்பட நகல் எடுக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். நகலில் அச்சிட்ட அளவுகோல் இருந்தால் அதோடு சேர்த்துத்தான் எதையும் அளக்க வேண்டும், தனி ஸ்கேலை வைத்து அளக்கக் கூடாது.

கோலைச் சரிபார்க்க என்னிடம் இருக்கும் பழைய சங்கிலியை எடுத்தேன். இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது. ஒவ்வொரு லிங்க்கும் இரு முனையும் கண்ணியாக வளைத்த தடித்த கம்பி, கண்ணிகளுக்கு நடுவே சிறு வளையங்கள். பத்து லிங்க்குக்கு ஒன்றாகப் பித்தளை வில்லை தொங்கும். பத்தாவதில் ஒரு பல், இருபதில் இரண்டு, முப்பதில் மூன்று, நாற்பதில் நான்கு, நடுவில் ஐம்பதுக்கு வட்ட வில்லை. அதன் பிறகு மறுபடி நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கும். எந்த முனையிலிருந்தும் எண்ணலாம் என்பதற்காக அப்படி. அதனாலேயே அறுபதில் இருப்பதை நாற்பது என்று படித்துவிடுவதும் உண்டு. கையில் பிடித்துத் துடைத்தால் பித்தளையில் பற்கள் மழுங்கி, மூன்றா நான்கா என்று விரலால் தடவித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டு முன் தெருவில் அதை இழுத்துப் போட்டு, பக்கத்தில் எஃகு டேப்பை ஓடவிட்டேன். சங்கிலி 4 சென்டிமீட்டர் நீண்டிருந்தது. வளையங்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்ததால் வந்த நீளம். ஆங்ஸ்ட்ராமில் 40 கோடி. அடியின் வரையறையில் லிங்க்குக்கு 3,300 ஆங்ஸ்ட்ராம் போகிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தவனுக்கு, அதே சங்கிலி லிங்க்குக்கு 40 லட்சம் ஆங்ஸ்ட்ராம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது. வெயிலைச் சேர்த்தால் இன்னும் இருக்கிறது. எஃகு ஒரு டிகிரி சூடேறினால் ஒரு லிங்க் 23,000 ஆங்ஸ்ட்ராம் நீளும். 1802இல் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்த, இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய லாம்டன், சங்கிலியை மரப்பெட்டிக்குள் நிழலில் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்துக்கொண்டு அளந்ததற்குக் காரணம் இதுதான். தெருவில் வெயிலில் கிடத்திய என் சங்கிலிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அதைச் சுருட்டி வைத்துவிட்டு, அச்சடித்த கோலையே நம்புவது என்று முடிவு செய்தேன்.

தட்டும் தண்ணீரும்

தட்டு, பேக்கரிகளில் ரொட்டி வேகவைக்கும் தகரத் தட்டு, இரண்டடிக்கு ஒன்றரையடி. உள்ளே கருப்பு பெயிண்ட் அடித்து நன்றாகக் காயவிட்டேன். கருப்பாக இருந்தால்தான், எண்ணெய் பரவிய எல்லையைக் காட்ட மேலே தூவும் பொடி தெரியும். அரைகுறையாகக் காய்ந்த பெயிண்ட் தண்ணீரில் தானே ஒரு படலத்தை விடும். இரண்டு நாள் வெயிலில் வைப்பது நல்லது.

ஆர்வத்தில் முதலில் நல்லெண்ணெயை அப்படியே ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். தூவியிருந்த பொடி முழுவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் தட்டின் நான்கு ஓரத்துக்கும் ஓடி ஒட்டிக்கொண்டது. நடுவில் மிச்ச எண்ணெய் சிறு சிறு வட்டங்களாக மிதந்தது. ஏன் என்று பிறகு கணக்குப் போட்டால் தெரிகிறது. ஒரு மில்லிக்கு முப்பது சொட்டு என்று வைத்துக்கொண்டால், 13.8 ஆங்ஸ்ட்ராம் கனத்துக்கு ஒரே ஒரு சொட்டு பரவ 260 சதுர அடி வேண்டும். அரை சென்டுக்கு மேல். மூன்று சதுர அடித் தட்டில் அதை விட்டால் எங்கே போகும்? அதனால்தான் எண்ணெயை ஸ்பிரிட்டில் கரைத்து நீர்க்கச் செய்யச் சொல்கிறார்கள்.

எண்ணெய் ஒலியிக் அமிலம். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் 100 மில்லி பாட்டில் கிடைத்தது. கரைக்க ஐசோபுரொப்பைல் ஸ்பிரிட். ஒரு மில்லி எண்ணெயை எடுத்து ஸ்பிரிட் சேர்த்து 20 மில்லி ஆக்க வேண்டும். அதில் ஒரு மில்லி எடுத்து மறுபடி 20 மில்லி. கடைசிக் கரைசலில் 400இல் ஒரு பங்கு எண்ணெய். இந்த இரண்டு படிக்கும் ஒரே சிரிஞ்சைப் பயன்படுத்தக் கூடாது. ஒலியிக் அமிலம் கெட்டியானது, சிரிஞ்சின் சுவரில் ஒட்டிக்கொண்டு இரண்டாவது கரைசலுக்கும் வந்துவிடும். முதல் சுற்றில் அப்படி வந்து, விடை ஆங்ஸ்ட்ராம் கணக்கில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. மூலக்கூறு படுத்துக்கிடந்தால்தான் அப்படி வரும் என்று அக்கா மகள் ஒரு விளக்கம் வைத்தாள். சிரிஞ்சை மாற்றியதும் மூலக்கூறு எழுந்து நின்றுவிட்டது. ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால், இந்த வேலையை அடுக்களையில் செய்யாமல் திண்ணையில் செய்தோம்.

பொடி விஷயத்தில்தான் அதிக நேரம் போனது. முகத்துக்குப் போடும் பவுடரில் வாசனை எண்ணெய் கலந்திருக்கும், தூவிய உடனே தானே பரவித் தொல்லை தரும். சாக்கட்டித் தூள் நனைந்து அடியில் உட்கார்ந்துவிடுகிறது. மிளகுத்தூள் மிதக்கிறது, ஆனால் துகள் பெரிது, ஓரம் தெளிவாக வராது. கடைசியில் லைகோபோடியம் பொடியே வாங்கினேன். ஒரு செடியின் வித்துத்தூள், தண்ணீரில் நனையவே நனையாது. மெல்லிய துணியில் முடிந்து, தட்டுக்கு ஓர் அடி மேலே பிடித்து விரலால் தட்டினால் போதும். கருப்புத் தட்டு லேசாகச் சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். பொடி அடர்ந்தால் எண்ணெயைப் பரவவிடாமல் தடுக்கும், வட்டம் சிறுத்து ஓரம் நட்சத்திரம் போலக் கிழியும்.

தண்ணீரும் முக்கியம். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் வட்டம் வட்டமாகவே வரவில்லை, எங்கள் ஊர்த் தண்ணீர் அவ்வளவு உப்பு. கேன் தண்ணீர் ஊற்றியதும் சரியாயிற்று. ஒவ்வொரு முறையும் தட்டைக் கொதிநீரால் மட்டும் கழுவ வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு பட்டால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். அது எண்ணெயைவிட முந்திக்கொண்டு தண்ணீர்ப் பரப்பைப் பிடித்துக்கொள்ளும். மின்விசிறியை நிறுத்துங்கள் என்று சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சொட்டின் அளவைத்தான் எல்லாமே நம்பியிருக்கிறது. மெல்லிய ஊசி போட்ட சிரிஞ்சில் ஒரு மில்லி கரைசலை எடுத்து, செங்குத்தாகப் பிடித்து, மெதுவாக அழுத்தி எண்ணினோம். 80 சொட்டு. சாய்த்துப் பிடித்தால் எண்ணிக்கை மாறுகிறது, வேகமாக அழுத்தினாலும் மாறுகிறது. எண்ணும்போது எப்படிப் பிடித்தோமோ தட்டில் விடும்போதும் அப்படியே பிடிக்க வேண்டும்.

எண்ணெய் விடுவதற்கு முன் வெறும் ஸ்பிரிட்டை ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது கட்டாயம். பொடி விலகி ஒரு வட்டம் திறக்கும். ஆகா என்று கோலை எடுப்பதற்குள் வட்டம் மூடிக்கொள்ளும். ஸ்பிரிட் தண்ணீரில் கரைந்தும் ஆவியாகியும் போய்விடுகிறது. எண்ணெய் கலந்த சொட்டை விடும்போது வட்டம் முதலில் பெரிதாகத் திறந்து, கொஞ்சம் சுருங்கி, பிறகு நிற்கும். நின்ற பிறகுதான் அளக்க வேண்டும்.

அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சாம்பல் நிறப் பொடிக்கு நடுவே கன்னங்கரேலென்று ஒரு சாணகலம். அதற்குள் எண்ணெய் இருப்பதற்கு அடையாளமே இல்லை, பளபளப்பு இல்லை, வானவில் நிறமும் இல்லை. சாலையில் டீசல் சிந்திய இடத்தில் நிறம் தெரிகிறதே, அந்தப் படலம் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடும் அளவுக்குக் கனமானது, சில ஆயிரம் ஆங்ஸ்ட்ராம். இங்கே அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பொடி விலகி நிற்பது ஒன்றுதான் சாட்சி.

கோலைத் தண்ணீரில் படாமல் தட்டின் விளிம்புகளில் தாங்கவைத்த ஒரு மூங்கில் பட்டையோடு சேர்த்துப் பிடித்து, நான்கு திசையில் குறுக்களவு எடுத்தோம். லிங்க்கில்: 0.86, 0.83, 0.85, 0.84. சராசரி 0.845.

இனி வழக்கமான வேலை. பரப்பு 0.561 சதுர லிங்க். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட் என்பதால் இது ஒரு சென்டில் 1,800இல் ஒரு பங்கு, பட்டா கொடுக்க முடியாத நிலம். சென்டிமீட்டரில் 227 சதுர சென்டிமீட்டர். ஒரு சொட்டில் இருக்கும் எண்ணெய் 80இல் ஒரு பங்கு மில்லி, அதில் 400இல் ஒரு பங்கு, ஆக 32,000இல் ஒரு பங்கு மில்லி. வகுத்தால் 13.8 ஆங்ஸ்ட்ராம். 26 போர் ஆரம். லிங்க்கை விட்டு வெளியே வராமலும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், எண்ணெயைக் கன லிங்க்காக மாற்றி, சதுர லிங்க்கால் வகுத்து, கடைசியில் மட்டும் 201 கோடியே 16 லட்சத்து 80 ஆயிரத்தால் பெருக்கினேன். அதே விடை.

எல்லா வட்டமும் இப்படிச் சமர்த்தாக வரவில்லை. 11 முதல் 17 வரை விடைகள் சிதறின. சொட்டு ஐந்து சதவீதம் கூடக்குறைய இருக்கும், கரைசலும் அப்படியே, குறுக்களவில் இரண்டு சதவீதம் என்றால் பரப்பில் நான்கு. கன்டர் லிங்க்கா மெட்ரிக் லிங்க்கா என்பதால் வரும் வித்தியாசம் 1.2 சதவீதம்தான், இந்தச் சிதறலில் அது மூழ்கிப் போகிறது. ஒரு ஏக்கர் நிலத்தில் மூன்றரைக் குழியை விழுங்குகிற பிழை, எண்ணெய்த் தட்டில் கண்ணுக்கே தெரியவில்லை.

ஏக்கரும் ஒரு கரண்டி எண்ணெயும்

ஒரு சென்ட் பரப்புக்கு இந்தக் கனத்தில் எண்ணெய் பூச 0.056 மில்லி போதும். அரை ஏக்கருக்கு 2.8 மில்லி. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்ததும் பென்ஜமின் ஃபிராங்க்ளின் நினைவுக்கு வந்தார். லண்டனில் கிளாபம் திடலில் இருக்கும் குளத்தில், காற்று அடிக்கும் பக்கமாக நின்று அவர் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை விட்டார். அலை அடங்கி, அரை ஏக்கர் அளவு தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது என்று எழுதினார். 1774இல் லண்டன் ராயல் சொசைட்டி அதை அச்சிட்டது. தேக்கரண்டி மூன்று மில்லியோ ஐந்து மில்லியோ, அரை ஏக்கரால் வகுத்தால் 15 முதல் 25 ஆங்ஸ்ட்ராம். நிலத்தை ஏக்கரில் சொன்னார், எண்ணெயைக் கரண்டியில் சொன்னார், வகுக்கவில்லை. வகுத்திருந்தால் மூலக்கூறின் அளவு அன்றைக்கே கையில் கிடைத்திருக்கும்.

நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1890இல், ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு 33 அங்குலக் குறுக்களவுள்ள குளியல் தொட்டியில் ஆலிவ் எண்ணெயை எடைபோட்டு விட்டு 16 ஆங்ஸ்ட்ராம் என்று கண்டார். அடுத்த ஆண்டே ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்த ஆக்னஸ் போக்கெல்ஸ் என்ற பெண் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கல்லூரிப் படிப்பு இல்லை. தகரத் தொட்டியில் ஒரு தகரப் பட்டையைக் குறுக்கே வைத்து நகர்த்தி, படலத்தை நெருக்கியும் தளர்த்தியும் பல வருஷமாக அளந்துகொண்டிருந்தவர். ராலே அதை 'நேச்சர்' இதழில் வெளியிடச் செய்தார். எனக்கு ஃபிராங்க்ளினைவிட இவர் மேல்தான் மதிப்பு. பொடி தூவி வட்டம் அளப்பதில் இருக்கும் சிதறல் அவருடைய பட்டையில் கிடையாது. பரப்பு செவ்வகமாகவே இருக்கும், ஒரு பக்கத்தை மட்டும் அளந்தால் போதும். அடுத்த முறை நானும் அதைத்தான் செய்யப் போகிறேன். தட்டின் அகலத்தைச் சரியாக இரண்டு லிங்க்காக மடித்துத் தரச் சொல்லித் தகரக்காரரிடம் அளவு கொடுத்தாயிற்று. அவர் லிங்க் என்றதும் விழித்தார், 402 மில்லிமீட்டர் என்றதும் தலையாட்டினார்.

கரைசலையும் மாற்ற வேண்டும். 400இல் ஒன்றுக்குப் பதில் 1,000இல் ஒன்றாக ஆக்கி, சொட்டை எண்ணாமல் பத்து சொட்டைச் சேர்த்து நிறுத்துப் பார்த்தால் சொட்டின் பிழை குறையும். நகைக் கடையில் இருக்கும் மில்லிகிராம் தராசு ஒன்று கேட்டு வைத்திருக்கிறேன். இரவல்தான்.

செலவு: தட்டும் பெயிண்டும் 420 ரூபாய், ஒலியிக் அமிலம் 340, ஸ்பிரிட் 180, லைகோபோடியம் பொடி 390, சிரிஞ்சுகள் 40, கேன் தண்ணீர் இரண்டு 60. பொடிக்கு அதிகம் என்று தோன்றும், ஆனால் ஒரு சிட்டிகைக்கு மேல் ஒரு வட்டத்துக்குத் தேவைப்படாது. தெரிந்த பள்ளி ஆய்வகம் இருந்தால் பொடியை அங்கே கேட்டுப் பாருங்கள்.

ஒலியிக் அமிலத்தில் மொத்தமே இரண்டு மில்லிதான் தீர்ந்தது. பாட்டிலில் மீதி 98 மில்லி இருக்கிறது. அதே கனத்தில் பரப்பினால் 17 ஏக்கர் 55 சென்ட், எங்கள் ஊர்க் கணக்கில் இரண்டரை வேலிக்கு மேல். அக்கா மகள் ஏரியைக் காட்டினாள். மீன் குத்தகைக்காரர் சம்மதிக்கமாட்டார்.